இரண்டு அறை ரீஃபர் வண்டியில் குளிர் பிசகினால் எங்கிருந்து பார்க்க வேண்டும்

"அண்ணே, ஐஸ்கிரீம் ரூம் மைனஸ் ஒன்பதுலயே நிக்குது. கேஸ் போயிருச்சுபோல."

கோடையில் வாரம் ஒரு முறையாவது மதிய நேரத்தில் இந்த போன் வரும். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பால் ரூம்ல எவ்வளவு காட்டுது?"

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், ஊட்டி என்று ஓடும் ரீஃபர், அதாவது குளிரூட்டிய டெலிவரி வண்டிகளின் பராமரிப்பு என் வேலை. முன்பெல்லாம் ஒரே கடைக்கு ஐஸ்கிரீமுக்கு ஒரு வண்டியும் பால், தயிருக்கு இன்னொரு வண்டியும் போகும். நடுவில் தடுப்பு வைத்த வண்டிகள் வந்தபிறகு ஒரே வண்டி, ஒரே டிரைவர். கேபினை ஒட்டிய முன்னறையில் மைனஸ் 18, பின்னறையில் 4 டிகிரி. ஆனால் இரண்டு அறையும் தத்தம் குளிரில் நின்றால்தான் இதில் லாபம். ஓர் அறை பிசகினால், முன்பு இரண்டு வண்டியில் போன சரக்கு ஒரே நாளில் கெடும்.

இந்த வண்டியில் ஒரு வசதியும் இருக்கிறது. ஓர் அறை கெட்டால் பக்கத்து அறை சாட்சி சொல்லும். கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், சூட்டை வெளியே தள்ளும் கண்டன்ஸர், குளிரைத் தரும் கேஸ் மூன்றும் இரண்டு அறைக்கும் பொது. அறையைக் குளிர்விக்கும் காயில், ஃபேன், வால்வு, கதவு ஆகியவை அறைக்கு அறை தனி. அதனால் இரண்டு அறையிலும் டிகிரி இறங்கவில்லை என்றால் பொதுப் பகுதியைப் பாருங்கள். ஓர் அறை மட்டும் கெட்டிருந்தால் அந்த அறையின் சொந்த உறுப்புகளைப் பாருங்கள். ஒன்று சூடாகி மற்றது அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் நடுத் தடுப்பைப் பாருங்கள். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள தலைப்புகளும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## கை வைப்பதற்கு முன்

யூனிட்டை, அதாவது குளிரூட்டும் இயந்திரத்தை, ஆஃப் செய்து சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டிகிரி ஏறினால் தானாக ஸ்டார்ட் ஆகும் யூனிட்டுகள் உண்டு. நின்றிருக்கிறதே என்று பெல்ட்டில் கை வைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வண்டி நிற்கும்போது யூனிட்டைக் கரண்ட்டில் ஓட்டும் வசதி இருந்தால் பிளக்கையும் கழற்றுங்கள், அது 415 வோல்ட். அறைக்குள் ஒருவர் இருக்கும்போது வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளிருந்து கதவைத் திறக்கும் பிடி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது தெர்மாமீட்டர். டிஸ்ப்ளேயை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். ஒரு ஃபிளாஸ்க் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, கலக்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். உங்கள் தெர்மாமீட்டரின் முனையை ஐஸுக்கு நடுவில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டினால் வேறு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தெர்மாமீட்டர் சரியாக இருந்தால் அறையின் சென்சாரையும் அதே ஃபிளாஸ்க்கில் முக்கிப் பார்க்கலாம். சென்சார் கெட்டதைக் கண்டுபிடிக்காமல் கம்ப்ரஸரைக் கழற்றிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: இரண்டு அறையிலும் டிகிரி இறங்கவில்லை

எப்போது இறங்கவில்லை என்று டிரைவரிடம் கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

### ராத்திரி கரண்ட்டில் போட்டால் மட்டும் இறங்கவில்லை, ரோட்டில் சரியாக இருக்கிறது

புது இடத்தில் பிளக் போட்டீர்களா என்று பாருங்கள். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பிரேக்கர் விழாது, சத்தமும் ஏறக்குறைய அதேபோல் இருக்கும், குளிர் மட்டும் வராது. வரிசை மாறினால் தானே சரிசெய்துகொள்ளும் யூனிட்டுகள் இருக்கின்றன. உங்களுடையது அப்படி இல்லையென்றால் ஒரு காகிதத்தைக் கண்டன்ஸரின் முகத்தில் வைத்துப் பாருங்கள். யூனிட் எஞ்சினில் ஓடும்போது ஒட்டும் காகிதம் கரண்ட்டில் ஓடும்போது பறந்தால் ஃபேஸ் மாறியிருக்கிறது. மாற்றிப் போடுவது எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. நீங்களே செய்ய வேண்டாம்.

ஃபேஸ் சரி என்றால் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் யூனிட் ஓடும்போது. ஓடாதபோது 410 காட்டி, ஓடத் தொடங்கியதும் 370க்குக் கீழே விழுந்தால் கேபிள் மெலிது அல்லது நீளம் அதிகம். அதே கேபிளில் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் எரியும். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் தடித்த கேபிள் ஒன்றுமே இல்லை.

### நடுப்பகலில் மட்டும் இறங்கவில்லை, காலையிலும் இரவிலும் சரி

பத்துக்கு எட்டு முறை கண்டன்ஸர் அழுக்கு என்றே தொடங்குங்கள். கத்திரி வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே நிற்கும் காற்று 45 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றில் சூட்டை வெளியேற்ற வேண்டிய கண்டன்ஸர் அடைத்திருந்தால் யூனிட் திணறும். கூடப் போனால் கேஸின் அழுத்தம் எல்லை மீறி, ஹை பிரஷர் கட்டாகி நின்றுவிடும்.

எங்கள் வண்டிகளில் இது திருப்பூர் ரூட்டில் அதிகம். பஞ்சுத் தூசி கண்டன்ஸரின் இதழ்களில் போர்வைபோலப் படிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காற்று வீசும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, அதாவது உள்ளிருந்து வெளியே, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். திருப்பூர் வண்டிக்கு வாரம் ஒரு முறை, மற்றவற்றுக்கு மாதம் இரண்டு முறை என்று வைத்திருக்கிறோம். கடலோரம் ஓடும் வண்டியென்றால் உப்பைக் கழுவவே இன்னும் அடிக்கடி தேவைப்படும்.

கழுவியும் மதியத்தில் நிற்கிறதென்றால் கண்டன்ஸர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஃபேனில் ஒன்று நின்றிருந்தாலும் காலையில் தெரியாது, மதியத்தில்தான் தெரியும். ஃப்யூஸ், ரிலே, கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் போங்கள்.

### மலையேறும்போதும் டிராஃபிக்கிலும் மட்டும்

கம்ப்ரஸர் வண்டியின் சொந்த எஞ்சினிலிருந்து பெல்ட்டில் ஓடும் வகையா, தனி டீசல் எஞ்சின் வைத்த வகையா என்பது இங்கே முக்கியம். முதல் வகையில் எஞ்சின் ஐடிலில் நின்றால் குளிர் குறையும், அது பழுது கிடையாது. ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறில் லாரி மறித்து ஒரு மணி நேரம் நின்றால் இரண்டு டிகிரி ஏறத்தான் செய்யும். கதவைத் திறக்காமல் இருப்பதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை. ஐடில் வேகத்தைச் சிறிது உயர்த்தி வைக்க வசதியிருந்தால் வண்டி மெக்கானிக்கிடம் செய்துகொள்ளுங்கள்.

வழக்கத்தைவிட மோசமாக ஏறினால் பெல்ட்டைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தாலோ, உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ பெல்ட்டை மாற்றும் நேரம். ஸ்டார்ட் செய்ததும் கிறீச் என்ற சத்தம் வந்தால் அதே பதில்.

### எல்லா நேரமும் இறங்கவில்லை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால்தான் கேஸ். கேஸ் குறைந்தால் முதலில் தடுமாறுவது ஐஸ்கிரீம் அறை. பால் அறை 4 டிகிரியைத் தொட்டுவிடும், ஆனால் வழக்கமாக அரை மணியில் தொடுவது ஒன்றரை மணி ஆகும். அதனால்தான் காலியாக இருக்கும்போது எந்த அறை எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று மாதம் ஒரு நாள் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒரு நோட்டு போதும். கேஸ் குறைவதை அந்த நோட்டு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடும்.

பைப் இணைப்புகளிலும் ஹோஸ்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும். அங்கே சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். யூனிட் நன்றாக ஓடும்போது சைட் கிளாஸில், அதாவது கேஸ் பைப்பிலிருக்கும் சிறு கண்ணாடி ஜன்னலில், குமிழிகள் தொடர்ந்து ஓடினாலும் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஓடுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. ரெஃப்ரிஜரேஷன் ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "கேஸ் போட்டு விடுங்க" என்று சொல்லாதீர்கள். "கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் எடுத்து, எடை பார்த்து கேஸ் போடுங்கள்" என்று சொல்லுங்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஃப்ரோசன் யூனிட்டுகளில் அதிகம் இருக்கும் 404ஏ என்ற கேஸ் மூன்று வாயுக்களின் கலவை. சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கலவையின் விகிதம் மாறும். சில புது யூனிட்டுகளில் 452ஏ வருகிறது. பெயர்ப் பலகையில் எது எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான், ஒன்றின்மேல் இன்னொன்றைப் போடக் கூடாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரு கிலோ 404ஏ காற்றில் கலந்தால் ஏறத்தாழ நான்கு டன் கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ஓட்டையை அடைக்காமல் மாதாமாதம் நிரப்புவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

## அறிகுறி 2: ஐஸ்கிரீம் அறை மட்டும் மைனஸ் 18க்கு வரவில்லை, பால் அறை சரி

### சரக்கு ஏற்றியதிலிருந்தே வரவில்லை

சரக்கு என்ன குளிரில் ஏறியது? இரண்டு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கோல்டு ரூமிலிருந்து மைனஸ் 12இல் வந்த சரக்கை வண்டி மைனஸ் 18 ஆக்காது. இருக்கும் குளிரைக் காப்பாற்றத்தான் இந்த யூனிட், உறைய வைக்க இல்லை. ஏற்றும் இடத்திலேயே அளந்து ட்ரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிரைவர்மேல் பழி விழாமல் காப்பாற்றுவது அந்தக் கையெழுத்துதான்.

அப்புறம், காலி வண்டியை முன்கூட்டிக் குளிரவைத்தீர்களா? வெயிலில் நின்ற பாடியின் சுவரும் தரையும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கதவு மூடிய நிலையில் ஒன்றரை மணி நேரமாவது ஓட வேண்டும். கதவைத் திறந்து ஏற்றும்போது யூனிட்டை ஆஃப் செய்யுங்கள். இதைச் சொன்னால் புது ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் குளிர்தானே வரும் என்பார்கள். கதவு திறந்திருக்கும்போது ஃபேன் சுற்றினால் வெளியிலிருக்கும் ஈரக் காற்றை இழுத்துக் காயிலில் பனியாகப் படிய வைக்கும். ஏற்றி முடிப்பதற்குள் காயில் பாதி அடைத்திருக்கும்.

### கிளம்பும்போது சரி, வழியில் ஏறிக்கொண்டே போகிறது

முதலில் கதவு. எத்தனை கடை, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் திறந்திருந்தது? பக்கக் கதவில் தொங்கும் பிளாஸ்டிக் திரையை லோடுமேன் வசதிக்காகச் சுருட்டிக் கட்டியிருக்கிறாரா? எங்கள் வண்டிகளில் இந்தத் திரைதான் முதல் குற்றவாளி. கிழிந்த பட்டைகளை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டி ஐஸ்கிரீமின் விலைகூட வராது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய்த் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. கதவைச் சுற்றி ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முறை பாருங்கள். கீழ்மூலைகள்தான் முதலில் போகும், ஏனென்றால் பெட்டிகளை அங்கேதான் உரசி இழுப்பார்கள். ரப்பர் நன்றாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் கீல் தொய்ந்திருக்கும், பாடி கட்டும் பட்டறையில் சரிசெய்யலாம்.

அடுத்து அடுக்கிய விதம். சுவரில் கூரைக்குக் கீழே ஓடும் சிவப்புக் கோட்டுக்கு மேலே பெட்டி போகக் கூடாது. காயிலின் முகத்தை மறைக்கக் கூடாது. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி வேண்டும்.

### கதவு, அடுக்கு எல்லாம் சரி, ஆனாலும் ஏறுகிறது

காயிலைப் பாருங்கள். வெள்ளைப் பாறையாக உறைந்திருந்தால் பனியை உருக்கும் டீஃப்ராஸ்டைக் கையால் போடுங்கள். முடிந்தபின் டிகிரி இறங்கினால் டீஃப்ராஸ்ட் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வைத்திருந்தால் மழைக்காலத்தில் நான்காக்குங்கள். டீஃப்ராஸ்ட் தொடங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டால், அதை முடிக்கச் சொல்லும் சென்சார் தவறு. சர்வீஸ் ஆள் மாற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பனியைக் குத்தி எடுக்காதீர்கள். காயில் ஓட்டையானால் அரை நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரம் இழுக்கும்.

காயில் சுத்தமாக இருந்து ஃபேனும் சுற்றி, காற்று மட்டும் குளிராக வரவில்லையென்றால் அந்த அறைக்குக் கேஸ் போகவில்லை. பால் அறை நன்றாக இருக்கும்போது கம்ப்ரஸரைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையின் கேஸைக் கரண்ட்டால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு திறக்கவில்லை அல்லது காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கிறது. ஃப்யூஸையும் வயர் கனெக்டரையும் மட்டும் நீங்கள் பாருங்கள், வால்வுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

வழியில் இப்படி ஆனால் என்ன செய்வது? இரண்டு கதவையும் மூடியே வையுங்கள். நன்றாகக் குளிர்ந்து நெருக்கமாக அடுக்கிய சரக்கு, திறக்காத வண்டியில் பல மணி நேரம் தாங்கும். பக்கத்துக் கோல்டு ஸ்டோரேஜுக்கு நேராகப் போகச் சொல்லுங்கள். ஒரு முறை இளகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைத்துக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். பனித்துகள் நறநறக்கும், சுருங்கிப்போன டப்பாவைப் பார்த்தே கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். குழந்தைகள் தின்னும் பொருள்.

## அறிகுறி 3: ஐஸ்கிரீம் அறை ஏறுகிறது, அதே நேரம் பால் அறையில் தயிர் உறைகிறது

இந்தத் தலைப்புக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தால் வேறெதையும் யோசிக்காமல் தடுப்பைப் பாருங்கள். முன்னறைக் குளிர் பின்னறைக்கும், பின்னறைச் சூடு முன்னறைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் 17 அடி வண்டி ஒன்றுக்கு ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு நாள் நன்றாக ஓடியதுபோல் தோன்றும், பிறகு அதே கதை. தயிர்க் கப்புகள் ஓரத்தில் உறைந்து தண்ணீர் பிரிந்து திரும்பி வந்தன. பகலில் கதவுகளைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே நின்று பார்த்தபோது தெரிந்தது. பக்கத்து அறையில் எரியவிட்ட டார்ச்சின் வெளிச்சம் தடுப்பின் கீழ்விளிம்பில் ஒரு கை அகலத்துக்குக் கோடாக வந்தது. பெட்டிகளை இழுத்து இழுத்து அடிப்பக்க ரப்பர் கிழிந்திருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, தரையோடுதான் ஓடும். கீழ்விளிம்பில் விழும் ஓட்டை மேலே விழுவதைவிடப் பல மடங்கு கெடுதல். ரப்பர் மாற்றியபின் அந்த வண்டிக்குக் கேஸ் தேவைப்படவே இல்லை. நான்கு நாள் நன்றாக ஓடியதற்குக் காரணம், சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் தடுப்பைக் கழற்றித் திரும்ப இறுக்கியதுதான்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. டார்ச் சோதனை முதலில், நான்கு விளிம்பிலும். அடுத்து தடுப்பைப் பூட்டும் கொக்கிகள் கூரைத் தண்டவாளத்தின் துளையில் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி உட்கார்ந்தால் மேட்டுப்பாளையம் ரோட்டின் முதல் குலுக்கலிலேயே சாய்ந்துவிடும். தரையில் காற்று ஓடப் பள்ளங்கள் இருக்கும் வண்டியென்றால், அந்தப் பள்ளங்கள் வழியாக ஓர் அறையின் காற்று அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பின் கீழே அடைப்பு இருக்க வேண்டும். இதை மறந்து கட்டிய பாடிகள் இருக்கின்றன.

நகர்த்தும் வகைத் தடுப்பு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய சரக்குக்கு ஏற்பத் தடுப்பை முன்னும் பின்னும் தள்ளுவதுதான் இந்த வண்டியின் பெரிய பலம். ஐஸ்கிரீம் குறைவான நாளில் முன்னறையைச் சுருக்கிப் பால் அறையைப் பெரிதாக்கலாம். ஆனால் தள்ளும்போது பின்னறையின் கூரைக் காயில் தடுப்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அதைத் தாண்டித் தள்ளிவிட்டால் ஓர் அறையில் இரண்டு காயில், மற்றதில் ஒன்றும் இல்லை. யாரும் கவனிக்காமல் அப்படியே ட்ரிப் போன வண்டியும் எனக்குத் தெரியும். எங்கெல்லாம் நிறுத்தலாமோ அந்தத் துளைகளுக்கு மட்டும் சுவரில் பெயின்ட்டால் குறி போட்டுவிடுங்கள்.

தடுப்புப் பலகையே வீங்கி வளைந்திருந்தால் ரப்பர் மாற்றிப் பயனில்லை. பாடி கட்டியவரிடம் புதுத் தடுப்பு சொல்லுங்கள்.

## அறிகுறி 4: பின்னறை மட்டும் அளவுக்கு மீறிக் குளிர்கிறது, முன்னறை சரி

செட் பாயின்டை, அதாவது அறைக்கு வைத்திருக்கும் டிகிரியை, பாருங்கள். போன ட்ரிப்பில் பின்னறையிலும் ஃப்ரோசன் ஏற்றியிருந்தால் அந்த மைனஸ் 18 அப்படியே இருக்கலாம். இது அடிக்கடி நடக்கிறது. ட்ரிப் ஷீட்டின் தலையிலேயே இரண்டு அறையின் செட் பாயின்டும் எழுதும் கட்டம் வைத்த பிறகுதான் எங்களிடம் நின்றது.

செட் பாயின்ட் சரி என்றால், அறை 4 டிகிரியைத் தொட்டு நிறுத்தியபிறகு அந்த அறைக்குப் போகும் மெல்லிய பைப்பைக் கவனியுங்கள். உஸ் என்ற சத்தம் நிற்காமல் காயிலும் வெளுத்துக்கொண்டே போனால் சாலினாய்டு வால்வு முழுதாக மூடவில்லை, உள்ளே தூசி சிக்கியிருக்கும். இது சர்வீஸ் ஆளின் வேலை.

ஊட்டி ரூட்டுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2,200 மீட்டருக்கு மேலே, டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெளியே உறைபனி விழும். பின்னறையில் வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே விட்டால் தோல் கருத்து, பிறகு எத்தனை நாள் வைத்தாலும் சரியாகப் பழுக்காது. அந்த நேரத்தில் அறைக்கு வேண்டியது வெப்பம். உங்கள் யூனிட்டில் சூடாக்கும் வசதி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று நவம்பரிலேயே சோதியுங்கள். காலி அறையில் செட் பாயின்டை வெளி வெப்பத்தைவிட ஐந்து டிகிரி கூட்டி வைத்துப் பாருங்கள். கால் மணியில் வெதுவெதுப்பான காற்று வர வேண்டும்.

## அறிகுறி 5: தரையில் தண்ணீர் அல்லது ஐஸ்

வடிகால் குழாய் அடைப்பு. வேறு காரணம் அரிது. காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டில் ஒரு மக் வெந்நீர் ஊற்றுங்கள், வண்டிக்கு அடியில் வர வேண்டும். வராவிட்டால் குழாய் முனையிலிருக்கும் ரப்பர் மூக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். அந்த மூக்கு இல்லாவிட்டால் சூட்டுக் காற்று குழாய் வழியே ஏறும், அதனால் தொலைந்திருந்தால் வாங்கிப் போடுங்கள். முன்னறையில் மட்டும் திரும்பத் திரும்ப உறைந்தால் குழாயைச் சூடாக்கும் ஹீட்டர் போயிருக்கும், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

## அறிகுறி 6: டிஸ்ப்ளே சரியாகக் காட்டுகிறது, கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்

டிஸ்ப்ளே காட்டுவது காயிலுக்குத் திரும்பும் காற்றின் வெப்பம், சரக்கின் வெப்பம் கிடையாது. காயிலுக்கு முன்னால் பெட்டிகளைச் சுவர்போல அடுக்கினால் குளிர்ந்த காற்று அதில் முட்டி அப்படியே திரும்பி சென்சாரைத் தொடும். வேலை முடிந்தது என்று யூனிட் நின்றுவிடும், கதவருகே இருக்கும் பால் 9 டிகிரியில் நிற்கும். தெர்மாமீட்டரை அறையின் கடைசி வரிசையில், தரையோடு, ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். டிஸ்ப்ளேக்கும் அதற்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுக்கை மாற்றுங்கள். கூரையில் துணிக் குழாய் வழியே காற்றைப் பின்னால் கொண்டுபோகும் வண்டியென்றால் அது கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர் எல்லா இடத்திலும் சரியாக இருந்தும் கீரை மஞ்சளாகிறது என்றால் கூட என்ன ஏற்றினீர்கள் என்று பாருங்கள். பழுத்த வாழை, மாம்பழம், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையையும் வெள்ளரியையும் கெடுக்கும். ஒரே அறையில் போட்டால் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி 7: குளிர் சரி, டீசல் மட்டும் அதிகம்

வண்டிகளைக் குறைக்க என்றே இதை வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். முதலில் ரூட்டைப் பாருங்கள். ஒரு கடையில் இரண்டு கதவையும் திறந்து, அடுத்த கடைக்கான பெட்டி உள்ளே புதைந்திருந்து தேடினால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடக் குளிர் வெளியே போகிறது. கடைசிக் கடையின் சரக்கு முதலில் ஏற வேண்டும். கடை வாரியாகக் கட்டி, பெட்டியின்மேல் நிறுத்த எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். எங்களுக்கு எந்த உதிரிப் பாகத்தைவிடவும் இதுதான் அதிக டீசலை மிச்சப்படுத்தியது.

அடுத்து யூனிட் ஓடும் முறை. இரண்டு அறையிலும் ஃப்ரோசன் மட்டும் இருக்கும் நாளில் நின்று நின்று ஓடும் முறையில் வைக்கலாம். காய்கறி, பால் இருக்கும் நாளில் தொடர்ந்து ஓட வேண்டும். எல்லா நாளும் ஒரே முறையில் கிடந்தால் ஒன்று டீசல் போகும் அல்லது சரக்கு போகும்.

இவை சரியாக இருந்தும் டீசல் குறையவில்லையென்றால் பாடியைச் சந்தேகியுங்கள். விடியற்காலையில், யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளிச்சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வியர்த்திருந்தாலோ சில்லென்று இருந்தாலோ அங்கே உள்ளே இருக்கும் பஃப், அதாவது சூடு புகாமல் தடுக்கும் நுரைப் பலகை, நனைந்திருக்கிறது. ஒரு ஆணி ஓட்டையோ, ஃபோர்க்லிஃப்ட் இடித்த கீறலோ போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். உறுதி செய்துகொள்ள, காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் காலி எடையோடு ஒப்பிடுங்கள். டேங்க்கில் உள்ள டீசலையும், பிறகு சேர்த்த பொருள்களையும் கழித்த பிறகும் எடை கூடியிருந்தால் அது பஃப் குடித்த தண்ணீர். நனைந்த பஃப் காய்வதில்லை. சிறிய கீறலை இப்போதே சீலன்ட் வைத்து அடைத்தால் பரவாமல் நிற்கும். பரவிவிட்டதென்றால் பாடி கட்டுபவரிடம் அந்தப் பலகையை மாற்றக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய செலவு இதுதான். அதற்குச் சம்மதிக்கும் முன், மற்ற பலகைகளும் நனைந்திருக்கின்றனவா என்று இன்னொரு விடியற்காலையில் முழுதாகத் தடவிப் பார்த்துவிடுங்கள்.